லாங்கிஷ் முந்தி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்கூடம் முழுக்க அப்பாவின் தறிதான். பட்டுப் புடவையில் கரை வேறு நிறம், உடல் வேறு நிறம் என்றால் ஒருவரால் நெய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே தள்ள இன்னொருவர் வேண்டும். தள்ளிக்கொண்டிருந்த சித்தப்பா, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் தனித்தறி போட்டுக்கொண்டு போய்விட்டார். எட்டாம் வகுப்பு முடித்திருந்த அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி உட்காரவைப்பதாக அப்பா சொன்னார். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்போது டெல்லியிலிருந்து ஓர் அம்மாள் கல்யாணப் புடவைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தார். அக்காதான் படித்தாள். நிறம் புரிந்தது, கரை புரிந்தது. முந்தி ‘லாங்கிஷ்’ஆக இருக்க வேண்டுமாம்.

“அப்டின்னா?” என்றார் அப்பா.

“லாங்னா நீளம்பா. லாங்கிஷ்னா கொஞ்சம் நீளமா. ரொம்பவும் போவக் கூடாது.”

“எத்தினி ஜாண்?”

“அதுல அளவு கெடையாதுபா.”

“எட்டு வருசம் படிச்சி, எத்தினி ஜாண்னு சொல்லத் தெரில. இதுக்கு இன்னும் படிக்கணுமாம்!”

அக்காவின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

“டீக்கடையில சக்கரை கொஞ்சம் தூக்கலா போடுன்றியே, எத்தினி ஸ்பூன்னு சொல்லியா கேக்குற? அவரு சரியாத்தான போடறாரு?”

அடுப்படியில் அம்மா சிரித்துவிட்டாள். அப்பா தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கமான முந்தி அளவுக்கு மேல் அரை ஜாண் விரல் விரித்து, “இது போதுமாம்மா?” என்று கேட்டார். அக்காவிடம் அவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“போதும்பா. இதுக்கு மேல போனா லாங் ஆயிடும்.”

“கடுதாசி படிக்க வூட்ல ஒராள் வேணும் போலக்குது. நீ இஸ்கூலுக்கே போ” என்றவர், என் பக்கம் திரும்பினார். “நீ ஒக்கார்றியாடா?”

நான் குதித்தேன். வாய்ப்பாடு கிடையாது, பிரம்படி கிடையாது. “நீ போய் அடி வாங்கு, போ!” என்று அக்காவுக்குப் பழிப்புக் காட்டினேன்.

பள்ளி திறந்ததும் அக்கா தினமும், நான் தறியில் உட்கார்ந்திருந்த முன்கூடத்தைத் தாண்டாமல், புத்தகப் பையோடு பின்வாசல் வழியாகவே போனாள். பள்ளிக்கூடம் எங்கள் வாசல் தெருவிலேயே இருந்தது, பின்பக்கம் சுற்றுவழி. இத்தனை படித்தவளுக்கு வழி தெரியவில்லையே என்று தறியில் உட்கார்ந்தபடி நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: தை பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை.