அலமாரியில் ஒரே ஒரு ஆம்பூல்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தேன். ஒரு மத்தியானம், தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்மணி குண்டூசித் தலையளவு. மூச்சு எப்போதாவதுதான் வந்தது.

"என்னம்மா சாப்பிட்டார்?"

"பவுடர் சிஸ்டர். கம்பெனில சொல்லிடாதீங்க, வேல பூடும்."

பிரவுன் சுகர், மலிவான ஹெராயின். அதை முறிக்கும் மருந்து எங்களிடம் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு மந்தமானவர்களுக்காக வாங்கிய ஒரே ஒரு ஆம்பூல், சின்னக் கண்ணாடிக் குப்பி, பூட்டிய அலமாரியில். சாவி டாக்டரிடம்.

"போலீஸ் கேஸ். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றார்.

"வழியிலேயே போயிடுவார் சார்." அவர் மூக்கிலும் வாயிலும் மூடிப் பொருத்திய காற்றுப் பையை அழுத்திக்கொண்டே சொன்னேன். டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். சாவியை மேஜைமேல் போட்டார்.

ஊசி போட்ட இரண்டு நிமிடத்தில் அவள் கணவர் எழுந்து உட்கார்ந்து வாந்தியெடுத்தார். "யாருடி இங்க இட்டாரச் சொன்னது?" என்று மனைவியைத் திட்டிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"இந்த மருந்து ஒரு மணி நேரம்கூட நிக்காதுங்க. உள்ள இருக்கிற பவுடர் அதைவிட அதிக நேரம் நிக்கும்" என்றேன்.

"நா நல்லாத்தான் கீறேன்."

அவள் கதவை மறித்து நின்றாள். "இங்கயே குந்து."

பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரத்தில் பேச்சு இழுத்தது. தாடை தொங்கியது. நகங்களில் நீலம் திரும்பி வந்தது.

இன்னொரு ஆம்பூல் இல்லை. சாயங்காலம்வரை காற்றுப் பையை அழுத்தினேன். என் கை ஓய்ந்தபோது அவள் வாங்கி அழுத்தினாள்.

பிழைத்தார். நான் நச்சரித்து, அவசர சிகிச்சை டிரேயில் இரண்டு ஆம்பூல் வைக்கச் செய்தேன். "வெச்சா இந்த ஆளுங்க எல்லாம் இங்கதான் வருவாங்க" என்றார் டாக்டர். "வரட்டும் சார்" என்றேன்.

கள்ளிக்குப்பத்தில் ஒரு சர்ச் கூடத்தில், பழக்கத்தை விட நினைப்பவர்கள் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். அவரும் போக ஆரம்பித்தார்; அவளும் கூடவே போய் உட்காருவாள். பல மாதம் சுத்தமாக இருந்தார். பழைய சகவாசம் வேண்டாமென்று பருத்திப்பட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே அப்படிக் கூட்டம் இல்லை, கள்ளிக்குப்பத்துக்குப் போவதும் குறைந்தது. எனக்குள் பயம் புகுந்தது. விட்டவர்கள் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது.

அப்படித்தான் ஆனது. வீட்டிலேயே, அவள் கண்ணெதிரே. ஆட்டோ கிடைப்பதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து என்னைப் பார்க்க வந்தாள். அழவில்லை.

"அந்த மருந்த எங்கைல குட்த்திருக்கலாமே சிஸ்டர். ஊசி போடக் கத்துக்கினிருப்பேனே."

அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை.