தங்கச்சி பிறந்த தேதி

என் தங்கச்சி தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருசம் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் இருந்துகொண்டே படிக்கிற அஞ்சல் வழிப் படிப்பு இல்லை. பி.ஏ.யை அவள் அப்படித்தான் முடித்தாள். இது கேரளத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் போய்த் தங்கி, விடுதிச் சோறு தின்று, இரண்டு வருசம் படிக்கிற ஒப்பிலக்கியம். தமிழில் எழுதினதையும் மலையாளத்தில் எழுதினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற படிப்பு என்று சொன்னாள். செங்கோட்டையில் பல வருசம் வேலை பார்த்ததில் அவளுக்கு மலையாளம் வாசிக்க வரும். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் நடந்தது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வீடு. சீசனில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு விடுவோம். அது என் பொறுப்பு. வாசிக்கிறது அவள் பொறுப்பு.

எதிர்வீட்டுக்காரிக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் கேட்டாள்.

"காசிக்குப் போற வயசுல காலேசுக்குப் போதாளாமே ஒந்தங்கச்சி?"

"நீ காசிக்குப் போ. அவ காலேசுக்குப் போட்டும். ரெண்டு பேரும் போனா தெருவுல கொஞ்சம் சத்தம் கொறையும்."

எதிர்வீட்டுக்காரி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் படிப்பில் சேர நாடு முழுக்க ஒரே பரீட்சை. கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். அதில் வருகிற மதிப்பெண்ணைக் காட்டித்தான் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மனுப் போடலாம். வெயில் காலத்தில் திருநெல்வேலியில் போய் எழுதினாள். நானும் கூடப் போனேன். வாசலில் மூக்குத்தி, தோடு எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஒரு கைக்குட்டையில் முடிந்து நான் வைத்துக்கொண்டேன். உள்ளே போன பிள்ளைகள் எல்லாம் அவளை ஏதோ மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என்று நினைத்து வழிவிட்டார்கள். வெளியே வரும்போது ஹால் டிக்கெட்டை அங்கேயே ஒரு பெட்டியில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு காத்திருப்பு. இன்ன வாரம் வரும் என்றார்கள், வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். சாரல் விழ ஆரம்பித்தது. மாடியில் ஆள் வந்தாயிற்று. நான் வெந்நீரும் படுக்கை விரிப்பும் என்று ஏறி இறங்கினேன். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, அதன் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். காய் நறுக்கச் சொன்னால் நறுக்குவாள், ஆனால் அவரைக்காயில் நார் எடுத்திருக்க மாட்டாள். நாரோடு தின்றோம்.

ஒரு திங்கட்கிழமை மதிப்பெண் வெளியானது. விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் திறக்கும். இவள் போட்டாள். திறக்கவில்லை. மறுபடியும் போட்டாள். நாடு முழுக்க ஒரே நேரத்தில் பார்ப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் திறக்கவில்லை. கூடப் பரீட்சை எழுதின ஒரு பெண் கடையநல்லூரிலிருந்து போன் பண்ணி, தனக்கு வந்துவிட்டது, குறைச்சல்தான் என்றாள். அதற்கப்புறம்தான் இவள் முகம் மாறியது. கேரளத்துப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட வெள்ளிக்கிழமை கடைசி. மதிப்பெண் தாள் இல்லாமல் அந்த மனு நகராது.

"எடுக்கலைன்னா எடுக்கலைன்னாவது சொல்லலாம்லா" என்றாள். "கதவத் தட்டினா உள்ள யாருன்னே கேக்க மாட்டேங்கானே."

"திங்கக்கெழமையில இருந்து தட்டுதியே, கை வலிக்கலையா? தோசையத் தின்னு."

அன்று சாயங்காலம், மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்கு அவள் போன் போட்டாள். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெண் நடத்துகிற கடை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேடம், நம்பர் சரிதான். பிறந்த தேதி சர்டிபிகேட்ல உள்ளதத்தான போட்டோம்?"

"வேற எதப் போடுவாங்க? மே முப்பத்தொண்ணு."

"அப்ப தெரியலையே மேடம். மனு காப்பியையும் நாம பிரிண்ட் எடுக்கல."

நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

மனுப் போட்ட அன்றைக்கு, போட்டோவில் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அவளைப் பக்கத்து ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டார்கள். சர்டிபிகேட் பையையும் அவள் தோளிலேயே கொண்டு போய்விட்டாள். கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்து, "ஆச்சி, மேடத்துக்குப் பிறந்த தேதி தெரியுமா?" என்றாள். தெரியுமா என்று கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. "அவ பிறக்கும்போது நான் பக்கத்துல இருந்தேன்ட்டி" என்று சொல்லி ஆகஸ்ட் பதினாறு என்றேன். வருசமும் சொன்னேன். அந்தப் பெண் தட்டினாள். மேடம் வந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றாள், பிறகு கூட்டத்தில் மறந்துவிட்டாள். என் தங்கச்சியும், பிறகு கடையிலேயே எடுத்துத் தந்த ஹால் டிக்கெட்டில் தன் முகத்தைப் பார்த்தாள், பரீட்சை நடக்கிற இடத்தைப் பார்த்தாள். தான் பிறந்த தேதியை யார் போய் வாசித்துப் பார்ப்பார்கள்?

அவள் பிறந்தது ஆடி கடைசியில்தான். ஐந்து வயசில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது இரண்டரை மாசம் குறைந்தது. ஹெட்மாஸ்டர் பேனாவை எடுத்து மே முப்பத்தொன்று என்று எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் ஹெட்மாஸ்டர் கையில் மறுபடியும் பிறந்தார்கள். ஆடியில் பிறந்தது வைகாசிக்கு மாறியதில் அம்மாவுக்கும் வருத்தம் இல்லை. வேலை, சம்பளம், ஓய்வு எல்லாம் அந்தத் தேதியில்தான் நடந்தது.

எனக்கு மட்டும் பதினாறு மறக்காது. முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அம்மாவுக்கு வலி வந்தது. நீ இன்றைக்குப் போகாதே என்றார்கள். நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு அப்படியே நின்றுவிட்டது. இதை நான் அவளிடம் சொன்னது கிடையாது. சொல்லி என்ன ஆகப் போகிறது, அவள் என்ன செய்தாள், பிறந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்பாகச் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை, நான் தப்பாகச் சொல்லவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை தானாக வந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தது. அவள் எங்கேயும் போக வேண்டியிருக்காது. மாடிக்காரர்களுக்கு வெந்நீர் கொண்டு கொடுத்தேன், சாப்பிட்டேன், படுத்தேன்.

புதன்கிழமை காலையில் அவள் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கேரளத்துக்குக் கொண்டு போக இல்லை. பரணில் போட. அடுக்கி, கயிறு எடுத்து வந்தாள். முடிச்சுப் போடும்போதுதான் சொன்னேன்.

"ஆகஸ்ட் பதினாறு போட்டுப் பாரு."

"என்னது?"

"ஒன் பிறந்த நாளு. கடையில அந்தப் பிள்ள கேட்டா. நான் சொன்னேன்."

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். "ஒன்கிட்ட யாருக்கா கேட்டா?"

"அந்தப் பிள்ளதான் கேட்டான்னு சொல்லுதேன்லா."

"எல்லாப் பேப்பர்லயும் மே முப்பத்தொண்ணு. அரசாங்கத்துக்கே மே முப்பத்தொண்ணு. ஒனக்கு மட்டும் என்ன ஆகஸ்ட்?"

"அரசாங்கம் அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வரலட்டி. நான் இருந்தேன்."

அவள் போனை எடுத்து அந்தத் தேதியைப் போட்டாள். திறந்தது. நூறு பேர் எழுதினால் தொண்ணூற்று மூன்று பேருக்கு மேலே அவள் இருக்கிறாள் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். சந்தோசமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். நேற்றே எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். மதியம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

மதிப்பெண் வந்தும் வேலை முடியவில்லை. மதிப்பெண் தாளில் ஒரு தேதி, சர்டிபிகேட்டில் ஒரு தேதி. பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணினாள். மலையாளத்தில் ரொம்ப நேரம் பேசினாள். தப்பு நடந்துவிட்டது என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, மனுவோடு சேர்த்துப் போட்டால் பார்க்கிறோம் என்றார்களாம்.

வியாழக்கிழமை தென்காசி கோர்ட்டுப் பக்கம் போனோம். வக்கீல் நடுத்தர வயசு, வாயில் ஏலக்காய் மென்றுகொண்டே பேசுகிறவர். விவரத்தைக் கேட்டு டைப் அடிக்கச் சொன்னார். தேதி சொன்னது நான் என்பதால் நானும் கையெழுத்துப் போட்டால் பத்திரம் பலமாக இருக்கும் என்றார். தாள் வந்தது. பக்கத்தில் மைப்பெட்டியையும் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"அத மூடி வையும். எனக்குக் கையெழுத்து உண்டு. முதல்ல வாசிக்கணும்."

"வாசிங்க ஆச்சி, வாசிங்க. கோர்ட்டு எங்கயும் போயிராது."

வாசித்தேன். மெதுவாகத்தான் வரும். கவனக்குறைவால் தவறான தேதி பதிவாகிவிட்டது என்று முதல் பத்தி. அடுத்ததில், என் தங்கை பிறந்தது மே முப்பத்தொன்று என்பதை மூத்த சகோதரியாகிய நான் நேரில் அறிவேன் என்று இருந்தது.

"நேர்ல அறிஞ்சது வேறல்லா?" என்றேன்.

"ஆச்சி, உண்மையெல்லாம் வீட்டுல வச்சுப் பேசணும். கோர்ட்டு வாசலுக்கு வந்து பேசப்படாது" என்று வக்கீல் சிரித்தார். குமாஸ்தாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவளும் சிரிக்கவில்லை.

அவள் என்னைப் போடச் சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு, பத்திரத்தைப் பார்க்காமல் வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போடாமல் எழுந்திருந்தால் என் கூடவே எழுந்து வந்திருப்பாள், வீட்டுக்கு வந்து கயிற்றை எடுத்துப் பெட்டியைக் கட்டியிருப்பாள். அவள் குணம் அது.

போட்டேன். என் பேரில் எழுத்து அதிகம், நேரம் ஆயிற்று. வக்கீல் மறு தாளையும் நீட்டினார், அதிலும் போட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கடைக்காரப் பெண் போன் பண்ணினாள்.

இரண்டாவது பட்டியலில் அவள் பேர் வந்தது. செங்கோட்டை வழியாகப் போகிற கொல்லம் ரயிலில் ஏறிப் போனாள். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, மாடியில் ஆள் இருந்தார்கள்.

சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணினாள். விடுதியில் தன் அறையில் இருக்கிற பிள்ளை தன்னை ஆன்ட்டி என்கிறாள், சாம்பாரில் தேங்காய் கிடக்கிறது என்றெல்லாம் சொன்னாள்.

"பத்திரத்த என்ன செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"வாங்கினாங்க, சீல் இருக்கான்னு பாத்தாங்க, பைல்ல வச்சுட்டாங்க. ஒருத்தரும் வாசிக்கலக்கா."

"போட்டும்" என்றேன். "நான் வாசிச்சுட்டுத்தானட்டி போட்டேன்."

தெரியும் என்றாள்.