ஏழு பேரில் முதலாவது

ஆடித்தபசு அன்றைக்குப் பிறந்தவள் நான். சங்கரன்கோவிலில் அப்படிப் பிறந்துவிட்டால் ஒரு வசதி உண்டு. பிறந்தநாளை வீட்டில் யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம், ஊரே சேர்ந்து கொண்டாடிவிடும். ஏழு வயதுவரை அந்தக் கூட்டமும் ராட்டினமும் எனக்காகத்தான் வருகின்றன என்று நம்பியிருந்தேன். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவள் பேச்சித்தாய் அத்தை.

"ஏட்டி சீனியம்மா, அன்னைக்கு நீ மட்டுமா பிறந்தே? ஏழு பேருல்லா. அதுல நீ ஏழாவது ரேங்க்" என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவளுடையது. தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது தொழில். ராட்டையைச் சுற்றிக்கொண்டே பேசுவாள், பேச்சு நின்றாலும் ராட்டை நிற்காது. புருஷன் வீரபாண்டி மாமா நூல் மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அறுபத்திரண்டாம் வருடத் தபசு அன்று ஏழு பேரும் ஒரே இடத்தில்தான் பிறந்தோம். டாக்டரம்மா ஒருத்தி ஆறு கட்டில் போட்டுப் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். பிறகு அந்தம்மா ஊரை விட்டுப் போய்விட, அந்த இடத்தில் சைக்கிள் கடை வந்துவிட்டது. ஏழாவதாக வந்த என் அம்மாவுக்குக் கட்டில் இல்லை. அத்தையின் கட்டிலுக்குக் கீழே பாயில்தான் என்னைப் பெற்றாள். வெளியே அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற சாயங்கால நேரம்.

அத்தைக்குப் பிள்ளை பிறந்தது அன்று காலை ஆறு மணிக்கு. ஏழு பேரில் அவன்தான் முதல். எட்டாம் மாதத்துப் பிள்ளை, மத்தியானத்துக்குள் போய்விட்டது. ஊர் முழுக்கக் கோவிலைப் பார்த்து வந்துகொண்டிருக்க, மாமா மட்டும் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் எதிர்த்திசையில் நடந்து போனாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது பத்து வயதில். அதுவும் நான் ஒரு திருட்டு செய்த பிறகு.

வருடந்தோறும் தபசு அன்று காலையில் ஆறு பேரும் அத்தை வீட்டுக்குப் போய்விட வேண்டும். சுவரோரம் வரிசையாக நிறுத்துவாள். உயரம் பார்ப்பாள், பல்லைப் பார்ப்பாள், பரீட்சையில் என்ன மார்க்கு, வீட்டில் சொன்ன பேச்சுக் கேட்கிறோமா, யாரைப் பற்றி ஊரில் நல்லபடியாகப் பேசுகிறார்கள் என்று விசாரிப்பாள். அவள் கணக்கே தனி. பள்ளிக்கூட மேடையில் பேசிப் பரிசு வாங்கியதற்காகக் கபீரை இரண்டாவது ஆக்கினாள். அடுத்த வருடம் காளிராஜ் உயரம் தாண்டுவதில் ஜெயித்து வந்தான், கபீர் மூன்றாவது. எனக்கு மட்டும் எந்த வருடமும் ஏழு. வாய் நீளமாம். யார் சொல்வது பாருங்கள்.

ரேங்குக்குத் தகுந்தபடி கருப்பட்டி மிட்டாய். இரண்டாவதுக்கு ஆறு, மூன்றாவதுக்கு ஐந்து, அப்படியே இறங்கி எனக்கு ஒன்று. முதல் ரேங்குக்கு உரிய ஏழு மிட்டாயும் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு வட்டிலில் அப்படியே இருக்கும். "அவன் வெளியூர்ல இருக்கான்" என்பாள். எவன் அவன், பரீட்சைக்கும் வராமல் ஓட்டத்துக்கும் வராமல் எப்போதும் முதலிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு வயிறு எரியும். பத்தாவது வயதில் பொறுமை போயிற்று. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வட்டிலிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டேன்.

அத்தை பார்த்துவிட்டாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தின்னு. உன் அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எனக்கு ஏது அண்ணன் என்று கேட்டேன். முதுகில் ஒன்று வைத்துவிட்டு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மிட்டாய் ருசி இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது.

அதன்பிறகு நான் ராட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அத்தைக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அதைக்கூட அவள் அதிகம் பேச மாட்டாள். அவளை அரித்தது வேறொன்று. டாக்டரம்மா அன்று ஏழு பேருக்கும் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, டவுன் ஆபீசில் பிறப்பைப் பதிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறாள். தபசுக் கூட்டத்தில் ஒரு தகப்பனும் அந்தப் பக்கம் போகவில்லை. அரை நாள் இருந்ததற்கு எழுத்து எதற்கு என்று மாமா சீட்டைக் கிழித்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து அத்தை தானாகப் போய்க் கேட்டாள். நாள் தாண்டிவிட்டதம்மா, இனிமேல் கோர்ட்டு உத்தரவு வேண்டும் என்று அங்கிருந்த குமாஸ்தா தன்மையாகத்தான் சொன்னாராம். கோர்ட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல பேரு இருக்கு, ரேஷன் கார்டுல பேரு இருக்கு. அவன் பிறந்தான்னு எங்கயாவது ஒரு வரி இருக்கணும்ட்டி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள்.

எங்களுக்கு இருந்த பதிவும் லட்சணம்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெரிய வாத்தியார் தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார். தொட்டவர்களுக்கெல்லாம் ஒரே தேதி, அறுபத்தொன்று ஜூன் ஒன்று. காகிதப்படி என் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அத்தனை பேருக்கும் ரேங்க் போடச் சொன்னால் அத்தையே ஓடியிருப்பாள்.

நாங்கள் வளர்ந்தோம். காளிராஜ் ராஜபாளையம் ரோட்டில் ஓடும் பஸ்ஸுக்குக் கண்டக்டர் ஆனான். நிறுத்தம் இல்லாத இடத்திலும் அத்தைக்காக விசில் கொடுப்பான், அதனால் நிரந்தர இரண்டாவது. கபீர் துபாய்க்குப் போனான், அவன் அம்மாவுக்கு ஒழுங்காகக் கடிதம் போடவில்லை என்று ஐந்துக்கு இறங்கினான். மற்ற மூன்று பெண்களும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள், பிரசவத்துக்கு வந்தால் எட்டிப்பார்ப்பார்கள். நான் டைப்ரைட்டிங் பாஸாகி, வேலையில்லாமல் வீட்டிலிருந்தேன். ரேங்க் ஏழு.

எண்பத்து நான்கில் ஒரு வேலைக்கு மனுப் போடப் போனேன். வயது இருபத்திரண்டைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. நிஜத்தில் தாண்டவில்லை, வாத்தியார் தேதிப்படி தாண்டிவிட்டது. வக்கீல் சங்கரசுப்புவைப் போய்ப் பார்த்தேன். பிறப்பைப் பதியச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு வாங்கலாம், பிறந்த அன்று கூட இருந்த ஆள் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த வருடத் தபசு என்ன தேதி என்று எழுதிக்கொண்டார். அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் பிறக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் மிச்சம் இருந்தது அத்தை ஒருத்திதான்.

இருபது வருடத்துக்கு முன்னால் கோர்ட்டு என்றதும் பயந்து திரும்பியவள், எனக்காக என்றதும் மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சீனியம்மாவைப் பற்றி மட்டும் சொன்னால் போதும், வேறு கதை பேசக் கூடாது என்று வக்கீல் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் தலையை ஆட்டினாள்.

மாஜிஸ்திரேட் ஐயா கேட்டார். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அந்த நாள்தான்னு எப்படி நிச்சயமாச் சொல்றீங்க?"

"அன்னைக்கு ஏழு பேரு பிறந்தாங்க ஐயா. வரிசையாச் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தாள். "மொதல்ல, காலைல ஆறு மணிக்கு, எனக்கு ஒரு ஆம்பளப் பிள்ள."

"அது இங்க தேவையில்லம்மா" என்று வக்கீல் குறுக்கே வந்தார்.

"சொல்லட்டும்" என்றார் ஐயா. டைப் அடிப்பவர் தட்டினார். அந்தச் சத்தம் ஓயும்வரை அத்தை காத்திருந்தாள்.

"அடிச்சாச்சா ஐயா?"

"ஆச்சும்மா."

"அந்தப் பிள்ளை இப்ப எங்க?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"மத்தியானத்துக்குள்ள போயிட்டான் ஐயா. ஆனா பிறந்தான்."

ஐயா டைப் அடிப்பவரைப் பார்த்துத் தலையசைத்தார், அவர் அதையும் அடித்தார். பிறகு அத்தை நிற்கவேயில்லை. இரண்டாவது கபீர், மூன்றாவது காளிராஜ் என்று நேரத்தோடு சொல்லிக்கொண்டே வந்து, ஏழாவதாக, சாமி காட்சி கொடுக்கும்போது பாயில் பிறந்த என்னைச் சொல்லி முடித்தாள்.

உத்தரவு கிடைத்தது. மனுவுக்குக் கடைசித் தேதி போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, கோர்ட்டு வாசலிலேயே அழுதேன். அத்தை என் கண்ணைத் துடைத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "நான் சொன்னதை அடிச்சாங்கல்லா, அந்தத் தாளு கிடைக்குமா?"

வாக்குமூலத்தின் நகலுக்கு மனுப் போட்டு வாங்கிக் கொடுத்தேன். எனக்குப் பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் வேறொரு வேலை கிடைத்தது, அது பெரிய கதை இல்லை.

மறுவருடத் தபசுக்கு நானும் காளிராஜும் மட்டும் போனோம். வட்டிலில் ஏழு மிட்டாய் இருந்தது. அவனுக்கு ஆறைக் கொடுத்தாள், எனக்கு ஒன்று. ரேங்க் மாறவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

வாசித்தேன். "முதலாவதாக, அன்று காலை ஆறு மணிக்கு எனக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது."

"எங்க இருக்கு அது?"

அவள் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன். நூல் அறுத்துக் காய்ப்பு விழுந்த விரல். வரியின் முனைவரைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள்.

"மொதல்லன்னே போட்டிருக்கா?"

"ஆமா அத்தை. முதலாவதாகன்னுதான் போட்டிருக்கு."

"இன்னொரு தடவ வாசி" என்றாள்.