பத்மநாதனின் பழியில் ஒரு பங்கு

பத்மநாதன் இறந்த செய்தி லண்டனின் இல்ஃபோர்ட்டைச் சுற்றிவர இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் பூக்களும் கும்பிட்ட கைகளும் வந்து விழுந்தன. மதியத்துக்குள் கைகள் குறைந்து வாய்கள் திறந்துவிட்டன. எழுபத்தாறு வயது மனிதரின் உடல் ஆஸ்பத்திரியில் இன்னும் ஆறியிருக்காது, அதற்குள் அவரைப் பிரித்து மேய ஆள் சேர்ந்துவிட்டது.

மேய்வதற்கு விஷயமும் இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு கிரிக்கெட் அணியைத் தன் சொந்தச் சொத்தாக நடத்திய மனிதர். ஊரின் பெயரில் இருந்த கழகத்துக்குத் தன் பெயரை வைத்தார். பதினொரு தலைவர்களை மாற்றினார், அதில் மூன்று பேரை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே. நடுவரை ஸ்டம்போடு துரத்தியதற்காக ஒரு பருவம் முழுக்க மைதானத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். வேலிக்கு வெளியே கார்க் கூரையில் ஏறி நின்று கத்தினார். அதே மனிதர்தான் விசா இல்லாமல் வந்து நின்ற பெடியன்களைத் தன் வீட்டு ஹோலில் வரிசையாகப் படுக்கவைத்து, அவர்களுக்காக லோயர் வாசல்களில் காத்துக் கிடந்தவர். அதை எழுத ஒருவருக்கும் அன்றைக்கு விரல் வளையவில்லை.

குழுவுக்குக் குழு எல்லோரும் எழுதியது ஒரே கதையைத்தான். அணியில் ஆடிய அருள்நேசனின் தகப்பன் செத்த செய்தியை மறைத்து, அவனை விளையாட வைத்த மனிதர் இவர்தான் என்ற கதை. பதின்மூன்று வருடப் பழங்கதை, ஆனால் நேற்று நடந்ததுபோலக் கொதித்தார்கள்.

பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு வத்சலா அதை எல்லாம் வாசித்தாள். அந்தக் கதையில் எப்போதும் இரண்டே பேர்தான் இருந்தார்கள், பத்மநாதனும் அருள்நேசனும். உண்மையில் மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தது. அந்த ஆள் வத்சலா.

அவள் சுன்னாகத்திலிருந்து கருணானந்தனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது, மனிதன் வாரநாள் பஸ் ஓடுவான், ஞாயிறு விக்கெட் காப்பான், இரண்டுக்கும் இடையில் தூங்குவான். புருஷனின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மைதானத்துக்குத்தான் போகவேண்டும் என்று அவளுக்கு இரண்டாம் மாதமே விளங்கிவிட்டது. முதலில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். ஒருநாள் ஸ்கோர் எழுதுகிறவர் வராமல் விட, ஏ.எல்.லில் கணிதம் படித்தவள் என்று சொல்லி அவள் கையில் பென்சிலைத் திணித்தார்கள். பத்தொன்பது வருடம் அந்தப் பென்சிலை அவள் கீழே வைக்கவில்லை. ஓவருக்கு ஐந்து பந்தோடு நிறுத்திய நடுவர்களை எழுந்து நின்று திருத்தினாள். பத்மநாதன் வாய் காட்டாத ஒரே ஆள் அவள்தான் என்று பெடியன்கள் சொல்வார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

ஆட்டம் தொடங்க முன் எல்லோருடைய போனும் ஒரு பைக்குள் போகவேண்டும் என்பது பத்மநாதனின் சட்டம். ஒருமுறை எல்லைக்கோட்டில் நின்ற ஒருவன் ஊரிலிருந்து வந்த அழைப்புக்கு "ஓம் மாமி, ஓம் மாமி" என்று சொல்லிக்கொண்டிருக்க, பந்து அவன் காலடியால் போனது. அன்றைக்கு வந்த சட்டம் அது. பைக்குப் பொறுப்பு வத்சலா.

2012 ஆவணியில் அரையிறுதி. அருள்நேசன் இரவு ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வந்தான். செத்துக் கிடந்த போனை அவளிடம் கொடுத்து, "அக்கா, சார்ஜில போட்டுவிடுங்கோ" என்றுவிட்டுப் போனான். காரில் போட்டாள். பதினொன்றரைக்கு அதற்கு உயிர் வந்தது, உடனேயே மணியும் அடித்தது. மறுமுனையில் அவனுடைய தாய்.

விடியற்காலையில் தகப்பன் மாரடைப்பில் போய்விட்டார். மறுநாள் நல்ல நாளில்லை என்று அன்றைக்கே உடலை எடுக்கிறார்கள். அப்போதிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறார்களாம். அருள்நேசனுக்கு அப்போது விசா இல்லை, ஊருக்குப் போகமுடியாது. போகமுடியாத பிள்ளைகளுக்கு நம் சனம் ஒரு வழி கண்டு வைத்திருந்தது. பெட்டியை மூடமுன் போனைச் செத்தவரின் காதில் வைப்பார்கள், பிள்ளை இங்கிருந்து அழும். லண்டனிலும் கனடாவிலும் எத்தனையோ பேர் தாய் தகப்பனைக் கடைசியாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"பிள்ளை, நான் காதில பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அவனை ஒருக்கா அப்பா எண்டு கூப்பிடச் சொல்லுங்கோ. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்," என்றாள் தாய்.

வத்சலா போனைக் கையில் பிடித்தபடி எழுந்தாள். பக்கத்தில் பத்மநாதன் நின்றார். கேட்டார், சொன்னாள். மைதானத்தில் அருள்நேசன் அறுபத்திரண்டு அடித்து நின்றுகொண்டிருந்தான். வெல்ல முப்பத்தொன்று வேண்டும், அவனை விட்டால் வேறு ஆளில்லை.

"ஆறு ஓவர்தானே. முடியட்டும், வெட்டு," என்றார் பத்மநாதன்.

அவள் வெட்டினாள். போனை அணைத்தும் வைத்தாள். அவருக்குப் பயந்து அல்ல, அவள் அவருக்குப் பயந்ததே இல்லை. அவளுக்கும் அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடமாக இறுதிக்குப் போகாத அணி.

வென்றார்கள். தோளில் கைபோட்டு பத்மநாதன் செய்தியைச் சொன்னபோது, ஊரில் உடல் சுடலைக்குப் போய்விட்டது. அருள்நேசன் மட்டையைப் போட்டுவிட்டுப் போனவன்தான். பிறகு விசா கிடைத்து, ஹரோவில் வீடு வாங்கி, அங்கே ஓர் அணியும் நடத்துகிறான். காரில் கிடந்த போனை எடுத்தது பத்மநாதன்தான் என்று அவனும் நினைத்தான், ஊரும் நினைத்தது. வத்சலா திருத்தவில்லை. நடுவரைத் திருத்த எழுந்து நிற்கிறவள் இதற்கு மட்டும் குந்தியிருந்தாள்.

செய்தி வந்த மறுநாள் பத்மநாதனின் மகன் சஞ்சயன் அவளுக்குப் போன் எடுத்தான். "அன்ரி, வியாழக்கிழமை ஃபியூனரல். கழகத்தால நீங்கள்தான் பேசவேணும். ரூ மினிற்ஸ், ரெண்டு நிமிசம் காணும்."

"பேசுறன்," என்றாள் வத்சலா. வைத்தவுடன் கணவனிடம் போய், என்ன பேசப் போகிறாள் என்று சொன்னாள். நடந்தது கருணானந்தனுக்கு ஏற்கெனவே தெரியும். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த மனிதன் கையை நிறுத்தினான்.

"உனக்கென்ன விசரே? செத்தவர் செத்திட்டார். இப்ப ஏன் கிண்டுறாய்?"

"அவர் இனி வாய் திறக்க ஏலாது. அவற்ற பங்கை அவர் கொண்டு போகட்டும். என்ர பங்கையும் சேர்த்து வைச்சு எரிக்க விடமாட்டன்."

"அருள் உன்னை மன்னிப்பான் எண்டு நினைக்கிறியோ?"

"இல்லை."

சனிக்கிழமை பிளேஸ்டோவில் ரயில் ஏறி, பேக்கர் ஸ்ட்ரீட்டில் மாறி, ஹரோவில் இறங்கினாள். வழி முழுக்க வசனங்களைச் சரிபார்த்தாள். மன்னித்துக்கொள் என்ற சொல் எங்கே வந்தாலும் அதை வெட்டினாள். மன்னிப்புக் கேட்டால் கொடுப்பதா விடுவதா என்ற சுமையை அவன் தலையில் ஏற்றுவதாகிவிடும். அதற்கு அவள் போகவில்லை.

கதவைத் திறந்தது அவனுடைய மனைவி கோசிகா. பின்னால் அருள்நேசன் வந்தான், காதோரம் நரைத்திருந்தான்.

"செத்தவீட்டுக்குக் கூப்பிட வந்தனீங்களோ அக்கா? நான் வரமாட்டன்."

"கூப்பிட வரேல்லை. அண்டைக்கு உங்கட அம்மா கதைச்சது என்னோட. போன் என்ர கையில இருந்தது. வெட்டச் சொன்னது அவர், வெட்டினது நான்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். கோசிகா உள்ளே வரச் சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"அம்மா என்ன சொன்னவ?"

வத்சலா சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. போனைத் தகப்பனின் காதில் பிடித்துக்கொண்டு தாய் நின்றதையும் சொன்னாள்.

"அம்மா சாகுமட்டும் ஆரோ எடுத்தவை, லைன் அறுந்து போச்செண்டுதான் சொன்னவ," என்றான் அருள்நேசன்.

"லைன் அறுந்ததில்லை."

"பதின்மூண்டு வருசம் அந்தாளைத்தான் திட்டினனான். இனி ஆரைத் திட்டுறது?"

"என்னை."

"எனக்குச் சொல்லிப்போட்டுப் போயிடுவீங்கள். சனத்துக்கு முன்னால சொல்லுவீங்களோ?"

"அதுக்குத்தான் பேச ஓமெண்டனான்."

"போங்கோ," என்றான் அவன். எங்கள் சனம் எதிரியைக்கூட "போயிட்டு வாங்கோ" என்றுதான் அனுப்பும். அவன் அதைச் சொல்லவில்லை. அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. திட்டியவர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டோடு முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். பெட்டிமேல் கழகக் கொடி போர்த்தியிருந்தது. அருள்நேசன் வரவில்லை. தேவாரம் முடிந்து சஞ்சயன் பெயரைக் கூப்பிட, வத்சலா எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

அந்த நாளைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். "நீங்கள் எல்லாரும் அவரைப் பற்றிச் சொல்லுற கதை சரி. ஆனா பாதிதான். மற்றப் பாதி நான். அவரைத் திட்டேக்கை இனி என்ர பேரையும் சேர்த்துத் திட்டுங்கோ." முன்வரிசையில் ஒருவர் செருமினார். சஞ்சயன் தலையைக் குனிந்தான். "ரூ மினிற்ஸ்" முடிய இன்னும் இருபது செக்கன் இருந்தது. போதும் என்று இறங்கிவிட்டாள்.

பெட்டி திரைக்குப் பின்னால் போனபிறகு சனம் வாசலுக்கு நகர்ந்தது. ஒருவரும் அவளுக்குக் கிட்ட வரவில்லை. சிவனேஸ்வரி மட்டும், பத்மநாதனின் மனைவி, மகனின் கையை விட்டுவிட்டு மெதுவாக வந்தாள்.

"இவர் ஒருநாளும் உன்ர பேரைச் சொல்லேல்லை வத்சலா. என்னட்டைக்கூடச் சொல்லேல்லை. எத்தினை கலியாண வீட்டில சனம் முகத்துக்கு நேர கேட்டது. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்."

வத்சலாவுக்கு இது தெரியாது. அவர் எங்கேயாவது ஒருமுறை சொல்லியிருப்பார், ஒருவரும் நம்பாமல் விட்டிருப்பார்கள் என்றுதான் அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"நீ அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கலாம்," என்றாள் சிவனேஸ்வரி.

"ஓம் அக்கா," என்றாள் வத்சலா. "சொல்லியிருக்கலாம்."

தலையைக் குனியவும் இல்லை, நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை. சிவனேஸ்வரி இன்னும் ஏதாவது சொல்வதானால் சொல்லட்டும் என்று அங்கேயே நின்றாள்.