ஆள் இல்லாத படகு

வராத ஒருவனைப் புதைக்க முடியுமா? முடியாது என்று பதினெட்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் குன்வோர். அவள் கணவன் ஆர்ன்ஃபின் ஒரு பிப்ரவரி மாதத்தில் காட் மீன் பிடிக்கப் போனான். படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. நார்வேயின் மேற்குக் கரையில் அவர்கள் இருந்த தீவில், அப்படிப் போனவனை இறந்தவன் என்று சொல்வதில்லை. கடலில் தங்கிவிட்டான் என்பார்கள். குடும்பக் கல்லறைக் கல்லில் அவன் பெயரைச் செதுக்க அவள் சம்மதிக்கவே இல்லை.

கொழுந்தன் ஸ்வெர்ரே வருடம் தவறாமல் கேட்பான். "அண்ணி, கல்லுல பாதி காலியாக் கெடக்கு. பாக்குறவன் நம்மளக் கஞ்சப் பயலுகன்னு நெனைக்கிறான்."

"நெனைச்சுட்டுப் போகட்டும். வெறும் பெட்டியச் சுத்தி நின்னு யாரு பாட்டுப் பாடுறது?"

அந்தக் கோடையில் அவளுடைய உருளைக்கிழங்கு வயலில் வடிகால் வெட்டியபோது துருவேறிய ஆணிகள் கிளம்பின. "கெழங்கு போட்டா ஆணி மொளைக்குதே அண்ணி!" என்று சிரித்தான் ஸ்வெர்ரே. அருங்காட்சியகத்திலிருந்து தீரில் என்ற பெண் மூன்று ஆட்களோடு வந்து, சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டினாள். மரம் மக்கி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆணிகள் மட்டும் அடித்த இடத்திலேயே நின்றன. ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு வெள்ளைக் குச்சி நட்டார்கள். பத்தே நாளில் அந்தக் குச்சிகளின் வரிசையில் ஒரு படகின் வடிவம் தெரிந்தது.

குன்வோர் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒருநாள், ஓரிடத்தில் குச்சிகள் நெருக்கியடித்து நின்றதைக் காட்டி, "இது மட்டும் ஏன்னு புரியல," என்றாள் தீரில்.

"ஒட்டுப் போட்டிருக்காங்க. நம்ம துறையில படகை இழுத்து ஏத்தினா இடப்பக்கம்தான் பாறையில தேயும். எங்க படகுலயும் அங்கதான் ஒட்டு."

தீரில் எழுதிக்கொண்டாள். குன்வோர் அன்று சாயங்காலம் வரை வயலை விட்டு நகரவில்லை. ஒட்டுப் போட்ட கை திரும்பி வரும் என்று எவளோ ஒருத்தி இதே கரையில் நின்றிருப்பாள் என்ற நினைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் இறந்தவரைப் படகில் கிடத்தி, அவர் பொருள்களோடு புதைப்பார்கள் என்றாள் தீரில். வாள் கிடைத்தது, இரும்புச் சட்டி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

"எலும்பு?" என்று கேட்டாள்.

"இது புளிச்ச மண்ணு, எலும்பைத் தின்னுடும். ஆனா ஒடம்பு கெடந்திருந்தா மண்ணுல ஒரு அடையாளம் இருக்கும். பரிசோதனைக்கு அனுப்புறேன்."

"இல்லன்னா?"

"ஆள் இல்லாமலே படகைப் புதைச்சிருக்கலாம். கடலோட போனவனுக்கு."

குன்வோர் கோப்பையைக் கீழே வைத்தாள். "முடிவு எதுவா இருந்தாலும் எனக்கு எழுதுங்க."

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தபால் படகு வரும்போதெல்லாம் அவள் துறையில் நின்றாள். காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலைதான். ஆனால் பதில் என்று ஒன்று வரக்கூடிய காத்திருப்பு புதிது. மார்ச்சில் கடிதம் வந்தது. 'சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் அங்கே யாரும் படுத்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தாள் தீரில்.

ஸ்வெர்ரே கடிதத்தை இரண்டு முறை படித்தான். "பாத்தீங்களா அண்ணி! வாள் வச்சிருந்தவங்களே வெறும் படகைப் புதைச்சுட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்காங்க. உங்களுக்கென்ன?"

"சாப்பிட்டாங்கன்னு இதுல எழுதலையே," என்றாள். கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "கல்லுச் செதுக்குறவனுக்குச் சொல்லி அனுப்பு," என்றாள். ஸ்வெர்ரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

எழுத வேண்டியதை அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மே மாத ஞாயிறு ஒன்றில் குடும்பம் முழுக்கக் கல்லைப் பார்க்கப் போனது. புதிய எழுத்துகளில் குன்வோர் என்ற பெயரும் அவள் பிறந்த வருடமும் இருந்தன. ஆர்ன்ஃபின் பெயர் எங்கும் இல்லை.

"அய்யய்யோ, ஆளை மாத்திச் செதுக்கிட்டானே!" என்று பதறினான் ஸ்வெர்ரே.

"இல்ல தம்பி. நான் எழுதிக் குடுத்தபடிதான் செதுக்கியிருக்கான். கடல்ல தங்கினவருக்கு இல்ல, கரையில காத்து நின்னவளுக்குத்தான் இந்தக் கல்லு."

அதற்குப் பிறகு இருபத்தோரு வருடம் உயிரோடு இருந்தாள். அதற்கு மேல் காரணம் எதையும் யாரிடமும் சொல்லவில்லை.