குளிக்கிற இடத்துத் தரை

பிள்ளைகளே, அம்மாவைக் கடைசி நாட்களில் நான் குளிக்கவே விடவில்லை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். எப்படி நடந்தது என்பதை நானே எழுதிவிடுகிறேன். அப்போது நீங்கள் குந்தாரப்பள்ளியில் மாமா வீட்டில் இருந்தீர்கள். அம்மாவின் இருமல் உங்களுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று நாங்கள்தான் அனுப்பிவைத்தோம்.

நம் வீட்டில் படுக்க இருந்தது ஓர் அறைதான். சுவருக்கு அந்தப் பக்கம் குளிக்கிற இடம். தரையில் கற்பலகை பாவியிருந்தோம். பலகை இடுக்கில் இறங்கிய தண்ணீர் சுவரில் ஏறி, அம்மாவின் கட்டில் ஓரம் இடுப்பளவுக்கு ஊறி நின்றது.

"ஈரச் செவுத்தோரம் படுத்துக்கிட்டு மருந்து குடிச்சா எப்பிடிக் கேக்கும்?" என்று ஓசூர் டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார்.

சிமெண்டுக்கு அந்நாளில் தாலுகா ஆபீசில் பர்மிட் வாங்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் சுண்ணாம்புதான் என்று முடிவு செய்தேன். கொத்தனார் பலகைகளைப் பெயர்த்துவிட்டு, செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்து போட்டு இடித்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கூழாங்கல்லால் தேய்த்தார். சுவரிலும் இடுப்புயரம் பூசினார்.

"மூணு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைங்கண்ணா. கால் வெக்கக் கூடாது, சுடுதண்ணி ஆகவே ஆகாது. புது மருமக மாதிரி இது. வந்ததுமே வேல வாங்குனா ஒட்டாது."

கட்டிலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நான் வந்த மறுநாளே களி கிண்டச் சொன்னாங்க மேஸ்திரி. ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கறன்."

மூவரும் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அடுப்படியில் கரிக்கோடு போட்டு நாள் எண்ணினேன். காற்றுப் படாமல் குளிக்கலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பனிக்காலம், வெளியே மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டப் பயந்தேன். ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. காலையில் எழுந்ததும் அவள் சுவரைத் தடவிப் பார்த்து, "இங்க வரைக்கும் காஞ்சிருச்சி" என்று காட்டுவாள்.

பதினாறாம் நாள் கேட்டாள். "என்னாங்க, தலையெல்லாம் சிக்கு புடிச்சி நாறுது. ஒரே ஒரு சொம்பு ஊத்திக்கறன்."

"இன்னும் அஞ்சே நாளு. பொறுத்துக்க. பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்."

"தரைக்கு இருக்கற மருவாதிகூட எனக்கில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் கேட்கவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் இருமலோடு ரத்தம் வந்தது. வண்டி பூட்டுவதற்குள் போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்டியது வாசலில்தான், பச்சைத் தண்ணீரில்.

துக்கம் கேட்க வந்த கொத்தனாரிடம், ஒரு சொம்பு ஊற்றியிருந்தால் தரை கெட்டிருக்குமா என்று கேட்டேன்.

"கட்டில ஓரமா நகத்திட்டு, அந்த ரூமுலயே பெரிய தாம்பாளத்துல உக்கார வெச்சி ஊத்தியிருக்கலாம்ண்ணா. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

எனக்கு அது தோன்றவே இல்லை, பிள்ளைகளே.

தரை போட்ட இருபத்தோராம் நாள். சாவுக்கு வந்திருந்த உங்களை மாமா மறுபடி ஊருக்கு அழைத்துப் போயிருந்தார். சாக்கை எடுத்தேன். அண்டா நிறையத் தண்ணீர் காயவைத்து, சொம்பு சொம்பாகத் தரையில் ஊற்றினேன். அண்டா காலியானதும் அறைக்குள் வந்து, அவள் தடவிப் பார்த்த இடத்தில் கை வைத்தேன். சுவர் காய்ந்துதான் இருந்தது.