காலியாக இருந்த கீழ்ப்படி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் முந்திரிக்காட்டு ஊரில் நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இப்போதும் அதே பள்ளிதான்.

மாதம் ஒருமுறை சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடுவோம். பிள்ளைகளுக்குப் பாடம் ஏறுவதற்கு அவரவர் செய்து பார்த்த யோசனையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பழைய அட்டைக்குப் புது கலர் பேப்பர் ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, வடை சாப்பிட்டுக் கலைவோம். எனக்கு அதில் கொஞ்சம் இளக்காரம் உண்டு. நான் பேசினால் எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

என் யோசனை ஓர் ஏணி. அட்டைப்பெட்டியை வெட்டி, ஐந்து படி வைத்து, சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எழுதிய துணி கிளிப்புகளை அதில் மாட்டினேன். எழுத்து மட்டும் தெரிந்தால் கீழ்ப்படி, சொல் வாசித்தால் அடுத்த படி, கதையே வாசித்தால் உச்சி. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வேலை செய்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் விளையாடப் போகாமல், "டீச்சர், என்னைய வாசிக்கச் சொல்லுங்க" என்று வரிசையில் வந்து நின்றார்கள்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். நான் ஆசைப்பட்டபடியே எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். கூட்டத்தை நடத்தும் சார், "அடுத்த மாசம் உங்க கிளாஸ நேர்லயே வந்து பாக்குறோம் டீச்சர். பெரம்பலூர் பக்கத்துலேர்ந்தும் சில பேர் வராங்க" என்றார். அன்று பஸ்ஸில் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

ஒரு மாதத்தில் கீழ்ப்படியில் ஒரே ஒரு கிளிப் மட்டும் மிஞ்சியது. நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுடையது. ஓர் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் முந்தைய எழுத்தை மறந்துவிடுவாள். ஆனால் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. கரும்பலகையைத் துடைப்பதும், காற்றில் விழும் கிளிப்புகளைப் பொறுக்கி அதனதன் படியில் மாட்டுவதும் அவள்தான். தன்னுடையதையும் அதே கீழ்ப்படியில்தான் மாட்டுவாள்.

வெளியாட்கள் பார்க்க வரும் நாளில் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்வது எங்கள் தொழிலில் ஊரறிந்த ரகசியம். யாரும் எழுதி வைத்ததில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதுதான். அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், அந்தப் பெண்ணைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மாவை கேட் பக்கத்தில் நிறுத்தினேன்.

"பாப்பாவுக்கு சளி புடிச்சிருக்கும் போல. நாளைக்கு ஒருநாள் வூட்லயே இருக்கட்டும்மா" என்றேன்.

அவளுக்குச் சளியே இல்லை. பக்கத்தில் நின்றவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் போனதும் அவளுடைய கிளிப்பைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டேன்.

மறுநாள் எல்லாம் பிரமாதம். பிள்ளைகள் மடமடவென்று வாசித்தார்கள். "கீழ்ப்படி காலி, பாத்தீங்களா" என்று ஒருவர் இன்னொருவருக்குக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் அதற்கடுத்த நாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. சனிக்கிழமை வீட்டைத் தேடிப் போனேன். கொட்டகையில் அம்மாவும் அவளும் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பலைத் தடவியிருந்தாள், இருந்தும் விரல் நுனிகள் கறுத்து உரிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"போன்னுதான் சொல்றேன் டீச்சர், அது போவ மாட்டேங்குது" என்றார் அம்மா. "நீங்க வேணாம்னு சொன்ன அன்னைக்கு சும்மாதான இருக்கேன்னு ஒடைக்கக் கத்துக்கிச்சு. இப்ப நல்லா ஒடைக்குது."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெண்ணை ஒருவர் கெட்டிக்காரி என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுடைய டீச்சர் நான், ஒருநாளும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு வா என்று கெஞ்சினேன். அவள் கோபமே இல்லாமல் கேட்டாள்: "நான் வராத அன்னைக்குத்தான் கைதட்டுனாங்களாமே டீச்சர்?"

அதன் பிறகும் பல தடவை போனேன். தலையாட்டுவாள், வர மாட்டாள். தீபாவளி கழித்துப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர்களோடு வேறு ஊருக்குக் கொட்டை உடைக்கப் போய்விட்டார்கள் என்றார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்வி ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். இன்றுவரை அவளைப் பற்றித் தகவல் இல்லை.

அந்தக் கார்த்திகை மாதக் கூட்டத்தில், புதிதாக வேலைக்கு வந்திருந்த ஓர் ஆசிரியை எழுந்து தன் பள்ளியில் செய்த ஏணியைப் போனில் காட்டினார். "எங்க ஸ்கூல்லயும் கீழ்ப்படியில யாருமே இல்லைங்க" என்றார். கைதட்டல்.

"கழட்டுன கிளிப்ப எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிப்போனது. நான் செய்ததை முழுக்கச் சொன்னேன், டிராயர் வரைக்கும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நடத்தும் சார், "டீ வந்துருச்சு, குடிச்சிட்டுப் பேசுவோம்" என்றார். குடித்தோம். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

பஸ் ஸ்டாப்பில் அந்த ஆசிரியை பக்கத்தில் வந்து நின்றார். "நான் வீட்ல இருக்கச் சொன்னது ரெண்டு பேருங்க டீச்சர்" என்றார் மெதுவாக.

"இன்னமும் வராங்களா?"

"வராங்க."

"அப்ப அதுங்களே ஒங்களுக்குப் போதும். போயி ஒக்கார வெச்சு சொல்லிக்குடுங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஏணியை அன்றே கிழித்துப் போட்டேன். அவள் பெயர் எழுதிய கிளிப் மட்டும் டிராயரிலேயே கிடக்கிறது. இப்போதும் யாராவது வந்து என் வகுப்பைப் பாராட்டினால், அன்றைக்கு வராத பிள்ளை யார் என்று தேடிப் பார்க்காமல் அந்தப் பாராட்டை என்னால் வாங்கிக்கொள்ள முடிவதில்லை.